வேன் சுருங்கும், பெயிண்ட் சுருங்காது

மாடல் வண்டி கட்டுகிறேன் என்றாலே "அதற்கெல்லாம் ரொம்பப் பொறுமை வேண்டுமே" என்பார்கள். வேண்டும்தான். ஆனால் மாதக்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்து செய்த மாடலும் கடைசியில் பிளாஸ்டிக் பொம்மை மாதிரியே நிற்பதுண்டு. அதிகம் மெனக்கெடாமல் முடித்த ஒன்று, போட்டோவில் பார்த்தால் நிஜ வண்டியோ என்று நினைக்க வைப்பதும் உண்டு. பெரும்பாலும் இந்த வித்தியாசம் பெயிண்டின் தடிமனில் இருக்கிறது. நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கண் மன்னித்துவிடும். தடிமனை மன்னிக்காது.

வீடியோக்களில் "பிரைமர் ஒரு கோட், கலர் மூன்று கோட், கிளியர் இரண்டு கோட்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். (பிரைமர் அடிப்பூச்சு, கிளியர் கடைசியில் வரும் நிறமில்லாப் பூச்சு.) ஏன் அந்த வரிசை என்று தெரியாமல் செய்பவருக்கு, எங்கே பிசகியது என்பதும் தெரியாது. இந்தக் கட்டுரை அந்த 'ஏன்' பற்றியது. உதாரணத்துக்கு ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்: ஃபோக்ஸ்வேகன் டி1 கேம்பர் வேன், 1/24 ஸ்கேலில், அதாவது நிஜ அளவில் 24-ல் ஒரு பங்காக.

எந்த வேன் இது

முன் கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும், மூக்கில் பெரிய 'வி' வடிவம் இறங்கும், அதன் நடுவே வட்டச் சின்னம் இருக்கும். பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற வண்டி. 1947 ஏப்ரலில் பென் பொன் என்ற டச்சு வாகன இறக்குமதியாளர் ஒரு குறிப்பேட்டில் கிறுக்கிய பெட்டி வடிவத்திலிருந்து பிறந்தது. 1950 மார்ச்சில் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் உற்பத்தி தொடங்கி, 1956-ல் ஹனோவருக்கு மாறி, ஜெர்மனியில் 1967 வரை ஓடியது. எஞ்சின் பின்னால், காற்றால் குளிரும் வகை.

கேம்பர் என்றால் உள்ளேயே படுத்து, சமைத்து, பயணம் செய்ய ஏற்ற வண்டி. டி1-ஐ அப்படி மாற்றிக்கொடுத்ததில் பெயர்பெற்ற நிறுவனம் வெஸ்ட்ஃபாலியா. 1950-களின் தொடக்கத்தில் அவர்கள் செய்தது, வேண்டும்போது வைத்து வேண்டாதபோது எடுத்துவிடக்கூடிய ஒரு கேம்பிங் பெட்டி. பிறகு அலமாரி, மடித்தால் கட்டிலாகும் இருக்கை, கட்டம் போட்ட திரைச்சீலை என்று முழு உள்ளமைப்பே வந்தது. அப்புறம் சொந்தக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு அடுப்பை இடம் மாற்றினார்கள், கூரைமேல் கேரியர் போட்டார்கள். ஆக, நிஜ வண்டிகளே ஆளுக்கொரு மாதிரி. மாடலில் நம் விருப்பப்படி மாற்றம் செய்வதில் குற்ற உணர்ச்சி தேவையே இல்லை. "பெட்டியில் வந்தது போலவே வரவேண்டும்" என்று அடம்பிடிப்பவர்களை இந்த வண்டி விஷயத்தில் கண்டுகொள்ள வேண்டாம்.

1/24-ல் ரெவெல், ஹசெகாவா என்ற மாடல் நிறுவனங்கள் இரண்டுமே இந்த வேனை வெளியிட்டிருக்கின்றன. ரெவெல்லில் கேம்பர் உள்ளமைப்போடும் ஒரு கிட் உண்டு. கிட் என்பது பெட்டிக்குள் பாகங்களாக வருவது. பாகங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். மாடல் முடிந்தபிறகும் அந்தச் சட்டங்களைத் தூக்கிப் போடாதீர்கள், வேலை இருக்கிறது.

ஸ்கேல்: ஒரு வகுத்தல் கணக்கு, மூன்று விடை

1/24 என்றால் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றையும் 24-ஆல் வகுப்பது. டி1-ன் நீளம் சுமார் 4.28 மீட்டர், மாடலில் 17.8 செ.மீ. அகலம் 1.72 மீட்டர் 7.2 செ.மீ. ஆகிறது. உயரம் 1.94 மீட்டர் 8.1 செ.மீ. ஆகிறது. ஏன் 24 என்ற எண்? அடி அங்குலக் கணக்கில் ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று வைத்தால் 24 வந்துவிடும், அவ்வளவுதான். அமெரிக்க கிட்கள் பல 1/25-ல் வரும். பக்கத்தில் வைத்தால் சிறு வித்தியாசம் தெரியும், ஆனால் ஒன்றுக்கான டயர் இன்னொன்றுக்குச் சமாளித்துவிடும்.

கடைகளில் அட்டையில் தொங்கும் சின்ன உலோகக் கார்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவை பெரும்பாலும் பெட்டியின் அளவுக்கு ஏற்பச் செய்யப்படுபவை. அதனால்தான் அங்கே லாரியும் காரும் ஒரே நீளத்தில் இருக்கும்.

நீளம் 24 மடங்கு குறைகிறது, சரி. பரப்பு? 24 பெருக்கல் 24, அதாவது 576 மடங்கு குறைகிறது. கன அளவு 13,824 மடங்கு குறைகிறது. நிஜ வேன் ஒரு டன் என்று வைத்துக்கொண்டால், எல்லாம் சரியாகச் சுருங்கிய மாடல் 72 கிராம் இருக்கவேண்டும். ஒரே வண்டிதான், ஆனால் எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்று விதமாகச் சுருங்குகிறது.

இந்தக் கணக்கைப் பெயிண்டுக்குப் போட்டுப் பாருங்கள். நிஜ வேனுக்கு 4 லிட்டர் பெயிண்ட் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 576 மடங்கு குறைவதால் மாடலுக்கு 7 மில்லி போதும். ஆனால் அது நிஜ வண்டியில் உள்ள அதே தடிமனில் பூசினால். தடிமனும் சுருங்கவேண்டும் என்றால் 0.3 மில்லி, அதாவது ஆறேழு சொட்டு. ஆறேழு சொட்டில் யாரும் வேன் அடிக்க முடியாது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

தடிமன் என்ன செய்கிறது

நிஜ காரின் பெயிண்ட், எல்லா அடுக்கும் சேர்ந்து, சுமார் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர். 24-ஆல் வகுத்தால் 0.005 மில்லிமீட்டர் அளவு வருகிறது, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே. நாம் என்னதான் சிக்கனமாக அடித்தாலும் பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்து 0.1 மில்லிமீட்டரை எளிதில் தொட்டுவிடும். மாடலில் 0.1 மில்லிமீட்டர் என்பது நிஜ வேனில் 2.4 மில்லிமீட்டர். வேன் முழுக்க இரண்டரை மில்லிமீட்டருக்கு ஒரு தோல் போர்த்திய மாதிரி.

கதவு இடுக்கைப் பாருங்கள். நிஜ வண்டியில் கதவுக்கும் பாடிக்கும் இடையே 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். மாடலில் அது 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கோடு. அந்தக் கோட்டின் இரண்டு சுவரிலும் 0.1 மில்லிமீட்டர் பெயிண்ட் ஏறினால் கோடே மூடிப்போகும். கதவு திறக்கிற கதவாகத் தெரியாது, பாடியில் வரைந்த படமாகத் தெரியும். பொம்மைத்தனம் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான்.

இதோடு திரவத்தின் குணமும் சேர்ந்துகொள்கிறது. ஈரப் பெயிண்டின் மேற்பரப்பு எப்போதும் தன்னை இறுக்கிச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். இதைப் பரப்பு இழுவிசை என்பார்கள். அதனால் கூரான விளிம்புகளிலிருந்து பெயிண்ட் பின்வாங்கும், பள்ளங்களில் போய்ச் சேரும். தடிமனாக அடித்தால் விளிம்பு மொழுக்கென்று ஆகும், பள்ளம் நிரம்பும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

இதற்கு ஒரு சுலபமான முன்னேற்பாடு உண்டு. பெயிண்டைத் தொடுவதற்கு முன்பே கதவு, எஞ்சின் மூடி, சரக்கு மூடி ஆகியவற்றின் கோடுகளை ஊசி முனையாலோ கத்தி முதுகாலோ மெதுவாக இழுத்து ஆழப்படுத்திவிடுங்கள். அகலப்படுத்த வேண்டாம், ஆழம் மட்டும். பின்னால் ஏறப்போகும் பெயிண்டுக்கு இது முன்கூட்டியே விடும் இடம்.

சுருக்கமாக: வண்டியின் அளவு 24-ஆல் சுருங்குகிறது, அதன்மேல் ஏறும் பெயிண்ட் சுருங்குவதில்லை. இனி வரும் ஒவ்வொரு படியும் இந்த ஏற்றத்தாழ்வைச் சமாளிக்கும் வேலைதான்.

பெயிண்ட் என்றால் என்ன

எந்தப் பெயிண்டிலும் மூன்று பொருள்கள். நிறத்தூள், அந்தத் தூளைப் பிடித்து ஒட்டவைக்கும் பிசின், இரண்டையும் திரவமாக வைத்திருக்கும் கரைப்பான். கரைப்பான் ஆவியாகிப் போனபின் பரப்பில் தங்குவது தூளும் பிசினும்தான். கூடுதலாகக் கரைப்பான் சேர்த்து நீர்க்க வைப்பதைத்தான் தின்னர் கலப்பது என்கிறோம்.

மாடல் பெயிண்டில் மூன்று வகை அதிகம் புழங்கும். லேக்கர் என்பது கடுமையான கரைப்பான் கொண்டது. வேகமாகக் காயும், நாற்றம் அதிகம், பூசிய பரப்பை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அக்ரிலிக் தண்ணீரையோ ஆல்கஹாலையோ கரைப்பானாகக் கொண்டது, நாற்றம் குறைவு. எனாமல் எண்ணெய்க் குடும்பம். மெதுவாகக் காயும், ஏனென்றால் கரைப்பான் போனபிறகும் அதன் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகவேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்கும் உள்ளே இறுகிவிட்டது என்பதற்கும் நாள் கணக்கில் வித்தியாசம் உண்டு. மூக்கை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். பெயிண்ட் வாடை வந்தால் இன்னும் காயவில்லை. இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

மூன்றையும் ஒரே மாடலில் பயன்படுத்தலாம், வரிசை மட்டும் முக்கியம். கடுமையான கரைப்பான் கீழே, சாதுவானது மேலே. லேக்கர் மேல் எனாமல் போட்டால் எனாமலின் தின்னருக்கு லேக்கரைக் கரைக்கும் சக்தி இல்லை, ஆகவே பிரச்சினை இல்லை. எனாமல் மேல் லேக்கர் அடித்தால் கீழே உள்ள அடுக்கு கரைந்து தோல் சுருங்கியதுபோல் சுருக்கம் விழும். "நல்ல பிராண்ட்தான் வாங்கினேன், இருந்தும் பெயிண்ட் சுருங்கிவிட்டது" என்கிற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த வரிசைதான், பிராண்ட் இல்லை.

ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே பற்றி ஒரு வார்த்தை. மலிவு என்பதால் எல்லோரும் கேட்பது. இரும்புக்காகச் செய்த சில ஸ்ப்ரேக்களின் கரைப்பான், கிட் செய்யப்படும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். பளபளப்பான பாடி சொரசொரவென்று வெடித்துப்போகும். தூக்கிப் போடாதீர்கள் என்று சொன்னேனே, அந்த ஸ்ப்ரூ சட்டத்தில் முதலில் அடித்துப் பாருங்கள். அதே பிளாஸ்டிக், அதே விளைவு.

பெயிண்டுக்கு முந்தைய பாதி வேலை

டிங்கரிங் பட்டறையில் இடிபட்ட கதவைச் சரிசெய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் மாடல் பெயிண்டிங் பாதி புரிந்துவிடும். ஒடுங்கலை எடுப்பார்கள், பட்டி வைப்பார்கள், வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ப்பார்கள், பிரைமர் அடிப்பார்கள், மறுபடி தேய்ப்பார்கள். நிறம் அடிப்பது கடைசியில், கொஞ்ச நேர வேலை. இங்கேயும் அதே வரிசைதான், அதே பெயர்கள்தான்.

முதலில் பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவவேண்டும். அச்சிலிருந்து எளிதாக எடுக்க ஆலையில் பூசும் எண்ணெய்ப் பொருள் மேலே இருக்கலாம். நம் விரல் பிசுக்கும் இருக்கும். எண்ணெய்மேல் பெயிண்ட் நிற்காது, மீன்கண் மாதிரி வட்டவட்டமாக விலகும்.

அடுத்து ஒட்டுவது. பிளாஸ்டிக் சிமெண்ட் என்று விற்கும் திரவம் உண்மையில் ஒட்டுவதில்லை. இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிவிடும். அது வெல்டிங் மாதிரியான வேலை. அதனால்தான் பெயிண்ட் பூசிய இடத்தில் சிமெண்ட் பிடிக்காது. இதைக் கடைசிப் பகுதியில் மறுபடி பார்க்கப்போகிறோம்.

இணைப்புக் கோடு தெரிகிற இடங்களில் பட்டி வைத்துத் தேய்க்கவேண்டும். வாட்டர் பேப்பர் எண் கூடக்கூட நைசாகும். 400-ல் ஆரம்பித்து 800, 1000 வரை போனால் போதும். தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூள் கீறாது, பறக்கவும் பறக்காது.

பிறகு பிரைமர். இதைச் சும்மா 'முதல் கோட்' என்று நினைப்பவர்கள் அதிகம். பிரைமருக்கு மூன்று வேலை. பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு மேலே வரும் நிறத்துக்குப் பிடிமானம் தருவது ஒன்று. மேல் பெயிண்டின் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தாக்காமல் தடுப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது: அது தப்பைக் காட்டிக்கொடுக்கும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறலும் பள்ளமும் ஒரே சாம்பல் நிறத்தின்கீழ் பளிச்சென்று வெளியே வரும். "பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும்" என்று விட்ட எதுவும் மறையாது. பளபளக்கும் பெயிண்ட் அதை இன்னும் எடுத்துக் காட்டும்.

நம் வேனின் மேல்பாதிக்கு வெள்ளை அடிக்கப்போகிறோம் என்பதால் வெள்ளைப் பிரைமர் வாங்குங்கள். சாம்பல்மேல் வெள்ளை மூட நான்கைந்து கோட் ஆகும், தடிமன் கணக்கு உடனே கெட்டுவிடும். கீறல் தேட சாம்பல்தான் வசதி என்றால், சாம்பலில் பார்த்துத் தேய்த்துவிட்டு அதன்மேல் மெல்லிய வெள்ளை.

ஸ்ப்ரே எப்படி வேலை செய்கிறது

பிரஷ்ஷில் பாடி அடிக்க முடியாதா? முடியும், ஆனால் பிரஷ் மயிர் விடும் வரிகள் 1/24-ல் உழவு சால் மாதிரி தெரியும். ஸ்ப்ரேயில் பெயிண்ட் நுண்ணிய துளிகளாக வந்து விழுந்து, ஒன்றோடொன்று கலந்து, தானாகவே மட்டமாகிக் காய்கிறது. எல்லாச் சூட்சுமமும் துளிகள் எந்த அளவு ஈரத்தோடு வந்து சேர்கின்றன என்பதில்.

டப்பாவை ரொம்பத் தள்ளிப் பிடித்தால் துளிகள் வழியிலேயே அரைகுறையாகக் காய்ந்து, ஆரஞ்சுத் தோல்போல், இன்னும் மோசமானால் உப்புத்தாள்போல் சொரசொரப்பாகும். ரொம்பக் கிட்டே பிடித்தால் ஈரம் கூடி வழியும். 15 முதல் 20 செ.மீ. என்பது பொதுவான தூரம். வேனுக்கு வெளியே ஸ்ப்ரேயைத் தொடங்கி, பாடியைக் கடந்து, வெளியே போய் நிறுத்தவேண்டும். டப்பா முதலில் அழுத்தும்போதும் விடும்போதும் துப்புகிற பெரிய துளிகள் காற்றோடு போகட்டும்.

முதல் கோட் பனிமூட்டம் மாதிரி லேசாக. அடிப்பரப்பு இடையிடையே தெரியவேண்டும். அது காய்ந்ததும் அடுத்த கோட்டுக்கு நல்ல பிடிமானம். இரண்டாவதும் லேசாக. மூன்றாவது கோட் மட்டும் ஈரமாக, பளபளக்கும் அளவுக்கு. மூன்று மெல்லிய கோட், ஒரு தடித்த கோட்டைவிடக் குறைந்த பெயிண்டில் அதிகம் மூடும். அடிப்பதற்கு முன் டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்தால் அழுத்தம் கூடி, துளி நைசாக வரும். வெதுவெதுப்பு என்றால் கை பொறுக்கும் சூடு. 50 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகும் யோசனையே வேண்டாம்.

ஏர்பிரஷ் பற்றிக் கேட்பீர்கள். கம்ப்ரஸர் காற்றில் இயங்கும் பேனா அளவு ஸ்ப்ரே அது. பாலின் பதத்துக்குத் தின்னர் கலந்து, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடித்தால் டப்பாவைவிட மெல்லிய கோட் வரும். முதல் வேனுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. பெயிண்டையும் கருவியையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ள முயன்றால் எது தவறு என்று பிரித்தறிய முடியாது.

சென்னை, நாகை, யாழ்ப்பாணம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. லேக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நுண்ணிய நீர்த்துளி படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். பளபளக்கவேண்டிய நிறம் பால் ஊற்றியதுபோல் மங்கும். மழை நாளில் ஸ்ப்ரே பண்ணாதீர்கள், வேறு வழியில்லை. மங்கியதைத் தேய்த்து எடுக்கும் அவஸ்தைக்கு ஒரு வெயில் நாளுக்குக் காத்திருப்பது மேல்.

அப்புறம் மூச்சு. துணி மாஸ்க்கோ சாதாரண என்95 மாஸ்க்கோ தூளைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கார்பன் கேட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். மொட்டை மாடியில், தீ இல்லாத இடத்தில் அடிப்பது நல்லது.

மூக்கிலுள்ள 'வி'

டி1-ன் அழகு இரண்டு நிறத்தில் இருக்கிறது. ஜன்னல்களுக்குக் கீழே பாடியைச் சுற்றி ஒரு மேடான வரி ஓடும். முன்பக்கம் வந்ததும் அது வளைந்து இரண்டு பக்கமிருந்தும் இறங்கி, பம்பருக்கு அருகே 'வி'யாகக் குவியும். வரிக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். நாம் மேலே வெள்ளை, கீழே சாம்பல் கலந்த புறா நீலம் எடுத்துக்கொள்வோம். புறா நீலம் அந்தக் காலத்து ஆலை நிறங்களில் ஒன்று. இந்த வண்டிக்கு மெட்டாலிக் நிறம் வேண்டாம் என்பேன். மெட்டாலிக்கில் மினுங்கும் உலோகத் துகள்களும் சுருங்காத ரகம். 24 மடங்கு பெரிதாக்கி யோசித்தால் வேன் முழுக்க ஜிகினா தூவியதுபோல் ஆகும்.

வெளிர் நிறம் முதலில், அடர்ந்தது பிறகு. நீலத்தின்மேல் வெள்ளை மூடுவதற்குள் தடிமன் ஏறிவிடும். வெள்ளைமேல் நீலம் ஒன்றிரண்டு கோட்டில் மூடும். ஆகவே வேன் முழுவதும் வெள்ளை அடித்து, வாடை போகும் வரை காயவிட்டு, மேல்பாதியை மாஸ்கிங் டேப்பால் மூடவேண்டும். மாஸ்கிங் டேப் என்பது பெயிண்ட் படக்கூடாத இடத்தை மறைக்கும், ஒட்டு குறைந்த காகித டேப். பெயிண்டர்கள் சுவரில் ஒட்டுவது இங்கே சொரசொரப்பு. மாடலுக்கென்று தமியா நிறுவனம் விற்கும் மஞ்சள் டேப் மெல்லியது.

டேப்பை அகலமாகவே எடுத்து வளைவில் ஒட்டினால் மடிப்பு விழும், மடிப்புக்குள் நீலம் ஓடும். கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டி, அடிக்கோல் வைத்து ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் நூல்மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவு குறுகலான டேப் மடிப்பில்லாமல் வளையும். வரியின் மேல் விளிம்பை ஒட்டி முதலில் இந்த நூல் டேப். 'வி' கூம்பும் இடத்தில் இரண்டு துண்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்று தாண்டவிட்டு, புது பிளேடால் கூர்முனையை வெட்டவேண்டும். வளைக்க முயன்றால் முனை மழுங்கிவிடும். அதன்பின் மீதியை அகல டேப்பும் காகிதமும் வைத்து மூடலாம். ஜன்னல் ஓட்டைகளை உள்பக்கமிருந்தும் அடைக்க மறக்காதீர்கள். நீலம் கீழே சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) பக்கமாக நுழைந்து கூரையின் உட்புறத்தில் ஏறும்.

விளிம்பைப் பல்குச்சியால் நீவி அழுத்திய பிறகு ஒரு தந்திரம். நேரே நீலம் அடிக்காமல், டேப் விளிம்பின்மேல் மறுபடி லேசாக வெள்ளை அடியுங்கள். டேப்பின் அடியில் எங்காவது கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தால் அதில் நுழைவது வெள்ளையாக இருக்கும். வெள்ளைமேல் வெள்ளை தெரியாது. நுழைந்து காய்ந்தபின் வழி அடைபட்டுவிடும். அதன்மேல் நீலம் அடித்தால் கசிய இடமில்லை. இது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் "டேப் சரியில்லை" என்று விதவிதமாக டேப் வாங்குபவர்கள் நிறைய.

நீலம் முழுக்க இறுகுமுன் டேப்பை எடுக்கவேண்டும், தொட்டால் ஒட்டாத பதத்தில். டேப்பைத் தன்மேலேயே மடக்கி, வரியின் திசையில் மெதுவாக இழுக்கவேண்டும். நன்றாக இறுகியபின் இழுத்தால் விளிம்பில் பெயிண்ட் பொருக்காகப் பெயரும்.

நிறுத்திப் பார்த்தால்: வெளிர் நிறம் முதலில் என்பதும் மெல்லிய கோட் என்பதும் அடிநிறத்தால் டேப்பை அடைப்பது என்பதும் தனித்தனி விதிகள் இல்லை. எல்லாமே குறைந்த தடிமனில் கூரான கோடு வேண்டும் என்பதிலிருந்து வருபவை.

உள்ளே: மரமும் துணியும்

கேம்பரின் உள்ளமைப்பை மாற்றிச் செய்யும்போதும் இதே சுருங்காத பிரச்சினை வேறு உருவத்தில் வரும்.

அலமாரி, கட்டில் செய்ய அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு போதும். நிஜத்தில் அது 12 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்குச் சமம், அதாவது சரியான தடிமன். 1.85 மீட்டர் கட்டில் வேண்டுமென்றால் 7.7 செ.மீ. எந்தப் பொருளைச் செய்தாலும் வீட்டிலுள்ள நிஜப் பொருளை அளவு டேப் வைத்து அளந்து 24-ஆல் வகுப்பதுதான் வழி. கண் மதிப்பில் செய்த காபிக் கப் பெரும்பாலும் வாளி ஆகிவிடும், 9 செ.மீ. உயரக் கப் மாடலில் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை.

மரம்போல் தெரிய நிஜ மரத்தையே ஒட்டலாமே என்று தோன்றும். நிஜ மரத்தின் ரேகை நிஜ அளவில்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் ரேகை, 1/24 உலகில் இரண்டரை செ.மீ. அகலமுள்ள பட்டை. அலமாரிக் கதவு ராட்சத மரத்தில் அறுத்தது போலிருக்கும். அதற்குப் பதில் வெளிர் மஞ்சள் பழுப்பு அடித்து, காய்ந்தபின் அதன்மேல் ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் பெயிண்டில் கொஞ்சம் அடர் பழுப்பைப் பூசி, காய்ந்த பிரஷ்ஷால் ஒரே திசையில் இழுத்துத் துடைத்தால் நூலிழை ரேகை கிடைக்கும். பெயிண்ட் மரத்தைவிட மரமாகத் தெரிகிற இடம் இது.

திரைச்சீலையும் அப்படித்தான். கால் மில்லிமீட்டர் நூல், நிஜத்தில் 6 மில்லிமீட்டர் கயிறு. கயிற்றால் நெய்த திரைச்சீலை யார் வீட்டிலும் இல்லை. டிஷ்யூ பேப்பரின் ஒரே ஒரு அடுக்கைப் பிரித்தெடுத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, ஊசியால் மடிப்பு வைத்துக் காயவிடுங்கள். கட்டம் வேண்டுமென்றால் நனைப்பதற்கு முன்பே கூர்மையான கலர் பென்சிலால் போட்டுவிடலாம்.

பளபளப்பு, சின்னங்கள், சேர்த்து முடிப்பது

வண்டிச் சின்னம், நம்பர் போன்றவை டிகால் என்ற தண்ணீர்ப் படமாக வரும். தண்ணீரில் நனைத்தால் காகிதத்திலிருந்து வழுக்கி வரும் மெல்லிய படலம். அதைப் பளபளப்பான பரப்பில் மட்டுமே ஒட்டவேண்டும். மங்கலான பரப்பு நுண்ணிய மேடு பள்ளம் கொண்டது. படலத்தின் அடியில் காற்று தங்கி வெள்ளி நிறமாக மினுங்கும்.

அதன்மேல் கிளியர், அதாவது நிறமில்லாப் பிசின். மெல்லியதாக இரண்டு கோட். நன்றாகக் காய்ந்தபின் 2000-க்கு மேற்பட்ட நைஸ் பேப்பரில் தண்ணீர் வைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டால் ஆரஞ்சுத் தோல் போய்விடும். விளிம்புகளில் கை வைக்காதீர்கள். பெயிண்ட் விளிம்பிலிருந்து பின்வாங்கும் என்று பார்த்தோமே, அங்கே மிக மெலிதாகத்தான் இருக்கும், இரண்டு தேய்ப்பில் பிளாஸ்டிக் தெரிந்துவிடும். கார்களுக்கு அடிக்கும் இரண்டு பாகக் கிளியர் அபாரமாகப் பளபளக்கும். ஆனால் அதன் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. வீட்டில் செய்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

பம்பர், கண்ணாடி வளையம் ஆகியவற்றுக்குக் குரோம் பேனா வந்துவிட்டது. ஒட்டும் உலோகத் தாளும் உண்டு. முதல் வேனுக்குப் பேனா போதும்.

கண்ணாடிகளைப் பெயிண்ட் வேலை எல்லாம் முடிந்தபின் மாட்டுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் புகையாகப் படியும், துடைத்தால் போகாது. ஃபெவிகால் காய்ந்தால் தெளிவாகிவிடும், பிசிறினால் ஈரத் துணியில் துடைக்கலாம்.

கடைசியில் பாடியைச் சேஸிஸ் மேல் இறக்கும்போது பலர் திகைப்பார்கள். பெயிண்டுக்கு முன் சரியாகப் பொருந்தியது இப்போது இறங்காது. ஒவ்வொரு பக்கத்திலும் 0.1 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். அழுத்தினால் பெயிண்டில் விரிசல் விழும். வெளியே தெரியாத பொருந்தும் முகங்களில் மட்டும் கத்தி முனையால் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். இடமும் கிடைக்கும், சிமெண்டுக்குக் கரைக்க வெறும் பிளாஸ்டிக்கும் கிடைக்கும்.

முடிந்த வேனைக் கண்ணாடி அலமாரியில் வையுங்கள், வெயில் நேரே படாத இடமாக. அழகாக இருக்கிறதே என்று காரின் டாஷ்போர்டில் மட்டும் வைக்கவேண்டாம். மே மாதத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் டாஷ்போர்டு கொதிக்கும். அந்தச் சூட்டில் பாலிஸ்டைரீன் தளர்ந்துபோகும், கூரை நடுவில் தொய்யும். தொய்ந்த கூரைக்குப் பட்டியும் கிடையாது, வாட்டர் பேப்பரும் கிடையாது.